மை இல்லாத விரல்கள்

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் தவசியப்பன் தோற்றுப்போன செய்தி வந்த கொஞ்ச நேரத்திலேயே அவன் வீட்டில் கூட்டம் நிறைந்துவிட்டது. சாவு வீட்டுக்கு வருவதைப் போலத்தான் வந்தார்கள். ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிரசவ வலியில் துடித்தபோது அவன் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்த பொன்னுத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள்.

"இனிமே ஜெயிச்சு வந்த அந்தக் கோதண்டம் ஏரி மண்ணையெல்லாம் லாரி லாரியா வித்துருவானேண்ணே!"

ஆறுதல் சொல்ல வாயெடுத்தவன் அவள் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தான். அதில் மை இல்லை.

"நீ ஓட்டுப் போடலையா தாயி?"

"நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு ஊருக்கே தெரியுமேண்ணே. என் ஒரு ஓட்டுலயா ஆகப்போவுதுன்னு களை வெட்டப் போயிட்டேன்."

அதற்குப் பிறகு அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீண்டு வந்த கைகளை மட்டுமே பார்த்தான். சேறு காய்ந்த விரல்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய விரல்கள். எல்லாம் நிஜமான பாசத்தோடுதான் அவனை இறுக்கின. ஒன்றில்கூட மை இல்லை.

திடீரென்று கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. யாரோ அவன் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள்.

"மனசுல வச்சுக்காதப்பா" என்றபடி கோதண்டம் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பற்றினான். கோதண்டத்தின் இடது கை ஆள்காட்டி விரலில் நகக்கண் வரை மை கறுத்திருந்தது.

அந்த விரலைப் பிடித்த தவசியப்பன் அதை விடவே இல்லை.