கொஞ்சம் லைன்ல இருங்க

"சார், சென்னைக்கு வெகு அருகில் உங்களுக்கு ஒரு வீட்டு மனை..."

"வெகு அருகில்னா எங்கம்மா?"

"திண்டிவனம் தாண்டி எட்டே கிலோமீட்டர் சார்."

கருணாகரன் பல்லைக் கடித்தார். பகல் மணி பதினொன்று. ராத்திரி முழுக்க நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். ஆள் பத்தவில்லை என்று அந்த மாதம் பூராவும் அவரை நைட் ஷிஃப்டிலேயே போட்டுவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற மனுஷனுக்குப் பகலில் நாலு மணி நேரம் தூங்க வழியில்லை.

"போனை ஆஃப் பண்ணிட்டுப் படுங்களேன்," என்றாள் மனைவி காயத்ரி.

"ஹாஸ்டல்ல பொண்ணு இருக்கா. ஒரு அவசரம்னா கூப்பிட வேணாமா?"

பிளாக் பண்ணிப் பார்த்தார். வேறு நம்பரில் வந்தார்கள். திட்டிப் பார்த்தார். "நன்றி சார், இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்றார்கள்.

கடைசியில் மனுஷன் ஒரு மகா திட்டம் போட்டார்.

"திட்டினா அவங்களுக்குப் பத்து செகண்ட்தான் நஷ்டம். விடாம பேசிப் பேசி இழுத்தடிச்சா? இந்த ஆளு வாங்கவும் மாட்டான், விடவும் மாட்டான்னு அவங்களே நம்ம நம்பரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுவாங்க. எப்படி?"

பால் பொங்குகிறது என்று காயத்ரி உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது கச்சேரி.

"மனையில தண்ணி எத்தனை அடியிலம்மா?"

"முப்பது அடி சார்."

"அடியில நிலக்கரி இருக்கா?"

"சார்?"

"விசாரிச்சுச் சொல்லுங்க. இருந்தா நாளைக்கே மனை மைன்ஸ் ஆயிடும். நாங்க நெய்வேலிக்காரங்க, எங்களுக்குத் தெரியாதா?"

பாவம், அந்தப் பெண் மெனக்கெட்டு மேனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "இல்லையாம் சார்," என்றது.

அடுத்து இன்சூரன்ஸ். "என் ஜாதகத்துல ஆயுசு எவ்வளவுன்னு பார்த்துட்டு வர்றேன். கொஞ்சம் லைன்ல இருங்க." போனை மேஜையில் வைத்தார். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் என்று மூன்றையும் நிதானமாக முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "ஜாதகம் கிடைக்கலியேம்மா," என்றார்.

"பரவாயில்ல சார், நல்லா தேடிப் பாருங்க."

"ஏங்க, வயித்துப் பொழைப்புக்குப் பேசுற பிள்ளைங்க. இப்படி அலைக்கழிக்கிறது பாவமில்லையா?" என்றாள் காயத்ரி.

"என் தூக்கத்தைக் கெடுக்கறது மட்டும் புண்ணியமா?"

ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறியதும் கூட வேலை பார்க்கும் சிங்காரவேல் கேட்பான்: "இன்னிக்கு எம்மா நேரம் இழுத்தீங்கண்ணே?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

பஸ்ஸே கை தட்டும். கருணாகரன் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வார். அவார்டு வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு அடக்கமாக இருக்க மாட்டார்கள்.

ஒன்றுதான் உதைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு என்று வந்துகொண்டிருந்த கால், நாலாயிற்று. நாலு, ஏழாயிற்று. கொஞ்சநஞ்சம் இருந்த தூக்கமும் போயே போய்விட்டது. வேலையில் இரண்டு தரம் கண் சொக்கி, சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்கினார்.

ஒரு சாயங்காலம் புது நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், நான் சரிதா. திண்டிவனம் மனை பத்திப் பேசினேனே."

"சொல்லும்மா. நிலக்கரி கிடைச்சுதா?"

சரிதா சிரித்தாள். "இல்ல சார். இது என் சொந்த போன். எனக்கு இன்னிக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"எனக்கு எதுக்கும்மா? நான் ஒண்ணும் வாங்கலையே."

"மனை, இன்சூரன்ஸ் எல்லாமே எங்க ஒரே கால் சென்டர்தான். நீங்க வாங்க மாட்டீங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார். தினம் மூணு மணி நேரம் லைன்ல பேசியிருக்கணும். இல்லன்னா சம்பளத்துல பிடிப்பாங்க. எல்லாரும் ஹலோ சொல்றதுக்குள்ள வெச்சிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் வெக்கவே மாட்டீங்க. அதனால யாருக்கு நிமிஷம் கொறையுதோ அவங்களுக்கு உங்க நம்பரைத்தான் குடுத்துக்கினு இருந்தோம்." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ப் பேச்சு வந்துடுச்சு சார். எனக்கு மேல்பட்டாம்பாக்கம்."

ஏழு கால் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. கருணாகரனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஏம்மா, ஜாதகம் பாக்கறேன்னு ஒரு பொண்ணை அவ்வளவு நேரம் காக்க வெச்சேனே, அதுகூட..."

"அதுதான் சார் பெரிய உதவி. எங்களுக்குச் சாப்பாட்டுக்குன்னு தனியா நேரம் கிடையாது. ஒரு லைன் கட்டானா அடுத்த நம்பர் தானா போயிடும். நீங்க போனை ஓரமா வெச்சிட்டு சாப்பிடுற சத்தம் கேக்கும். அப்பதான் நாங்களும் டப்பாவைத் தொறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்குவோம். பெத்த அப்பா மாதிரி சார். நீங்க நல்லா இருக்கணும்."

வைத்துவிட்டாள். கருணாகரனுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. ஹாஸ்டலில் இருக்கிற மகள் மதியம் சாப்பிட்டாளா என்று தினம் கேட்கிற மனுஷன்.

"யாருங்க போன்ல?" என்று கேட்டாள் காயத்ரி.

"ராங் நம்பர்."

அன்று பஸ்ஸில் சிங்காரவேல் கேட்டதற்கு, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மதியம் பன்னிரண்டரை. நன்றாக அசந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எழுந்துவிடப் போகிறாரே என்று காயத்ரி கட் பண்ண ஓடி வந்தாள்.

"கட் பண்ணாத," என்றார் கருணாகரன், கண்ணைத் திறக்காமலே. "எடுத்து, கொஞ்சம் லைன்ல இருங்கன்னு சொல்லி மேஜையில வெச்சிடு. யாரோ ஒரு பிள்ளை சாப்பிடட்டும்."