போர்டில் ஒரு முட்டை

"அக்கா, அந்த பிளாஸ்டிக் செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

லேபைப் பெருக்கித் துடைக்கும் அக்கா செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். மேடத்தின் கோபம் தணியவில்லை. எப்படித் தணியும்?

குப்பைமேட்டு மண்ணில் இருக்கும் கிருமிகள் தாலேட்டை எத்தனை நாளில் தின்று தீர்க்கின்றன என்று கண்டுபிடிப்பது மேடத்தின் வேலை. பிளாஸ்டிக்கை மெத்தென்று வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெய்தான் தாலேட். செருப்பு, பொம்மை, ரெயின்கோட் என்று எதிலிருந்தும் நைசாகக் கசிந்து வந்துவிடும்.

மண்ணைச் சோதிக்கும் முன் சுத்தமான தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பூஜ்யம் வர வேண்டும். அன்றன்றைக்கு வரும் எண்ணை லேப் போர்டில் எழுதி வைப்பார்கள். மூன்று வாரமாக அந்தத் தண்ணீரிலேயே தாலேட்! நடுவில் ஒரு நாள் ஏதோ அதிர்ஷ்டத்தில் பூஜ்யம் வந்ததோடு சரி. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆறு மாத உழைப்பும் குப்பைக்குத்தான்.

மேடத்தைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டில் கண்ணாடி. சாப்பாட்டு டப்பா எவர்சில்வர். கைப்பையில் இருக்கும் சென்ட் பாட்டில்கூடக் கண்ணாடி.

அக்கா வளையலைக் கழற்றினார். துணிப்பைக்கு மாறினார். ம்ஹூம்.

புதன்கிழமை மேடம் ஒரு முடிவுக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நாளையிலேருந்து கீழே ஸ்டோர்ல வேலை பாருங்க."

"சரிங்க மேடம். போறப்ப ஒண்ணு கேட்டா குடுப்பீங்களா?"

"கேளுங்க."

"உங்க சென்ட் பாட்டில். என்னா வாசனை! அப்படியே குடுத்துடுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, பூஜ்யம்!

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல!" லேப் முழுக்க மிட்டாய் கொடுத்தார் மேடம். மனசு கேட்காமல் அக்காவுக்கும் ரெண்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஸ்டோர் ஜன்னலில் சென்ட் பாட்டில் இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

"என்னக்கா, ஆசையா கேட்டீங்க, போட்டுக்கவே இல்லையா?"

"எனக்கு சென்ட் வாசனை பட்டாலே தும்மல் மேடம்."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

அக்கா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தினமும் போர்டை அழிக்கிறவ நான்தானே? நீங்க பல்வலின்னு லீவு போட்ட அன்னிக்கு மட்டும்தான் அதுல முட்டை இருந்துச்சு."

மேடத்துக்குச் சுரீர் என்றது. வாசனை நின்று நிலைக்க சென்ட்டில் கலப்பதும் தாலேட்தானே! படித்ததெல்லாம் எங்கே போயிற்று?

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா! வாங்க மேலே. இப்பவே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"மேலே வர்றேன். ஆனா சொல்ல வேணாம் மேடம்" என்று சிரித்தார் அக்கா. "என் தப்புன்னா செருப்பைக் கழட்டி வச்சா முடிஞ்சுது. உங்க தப்புன்னு தெரிஞ்சா, நாளைக்கு உங்க பேச்சை யாரு கேப்பாங்க?"