வரப்புக் கீரை

"ஏன் மாமா, வயல்ல வெஷத்த அடிச்சிட்டு ஒரு போர்டு வச்சா என்னா கொறஞ்சி போயிடும்? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

ராஜமாணிக்கத்தின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள் சௌந்தரம். அவள் வாயைத் திறந்தால் கேட்கவா வேண்டும்! தெருவே கூடிவிட்டது.

நேற்று ராஜமாணிக்கத்தின் வரப்பில் பொன்னாங்கண்ணி பறித்துப் போனாள் சாய்ரா. சௌந்தரத்தின் பக்கத்து வீடு. புருஷன் சைபுல்லா மஸ்கட் போனதும் கடலூரிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தவள். எது கீரை, எது களை என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே சௌந்தரம்தான்.

சாய்ரா கீரையைக் கடைந்து, சோற்றில் பிசைந்து, முதலில் மகள் அம்ரீனுக்கு ஊட்டினாள். நாலு வயசுக் குழந்தை. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளிவிட்டது. இப்போது சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறது, பாவம்.

"மருந்து அடிச்சிருக்கு, கை வைக்காதம்மான்னு மூணு தடவ சொன்னேன்" என்றார் ராஜமாணிக்கம். "சிரிச்சிக்கிட்டே பறிச்சிது. நான் என்னா பண்ணுவேன்?"

"புளுகாத! சொல்லியிருந்தா எந்தப் பெத்தவளாவது பறிப்பாளா? புள்ளைக்கு ஊட்டுவாளா?"

"அதானே!" என்றது கூட்டம்.

"இரு, சாய்ராவ ஸ்டேசன்ல எழுதிக் குடுக்க வைக்கிறேன். கம்பி எண்ணு, அப்பத்தான் புத்தி வரும்."

சொன்ன கையோடு மினி பஸ் ஏறினாள் சௌந்தரம்.

ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள் சாய்ரா. முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"டாக்டர் என்னாடி சொன்னாரு?"

"சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதாம்க்கா. துஆ செய்யச் சொன்னாரு."

சௌந்தரம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. அந்தப் பாவி மேல கம்ப்ளைண்ட் குடுக்கணும். உன்கிட்ட மூணு தடவ சொன்னானாம், கேட்டியா கதைய!"

"வாணாம்க்கா. அண்ணன் சொல்லத்தான் செஞ்சாரு."

"என்னது?"

"மூணு தடவையும் சொன்னாரு. பின்னாலயே வந்து சொன்னாரு."

"அடிப்பாவி! அப்புறம் ஏண்டி பறிச்ச? உனக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சா?"

சாய்ரா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"போன வெள்ளிக்கெழம நீங்களும் அதே வரப்பத்தான் காட்டினீங்க. மருந்து அடிச்சிருக்கு, அந்தப் பக்கம் போயிடாதன்னு சொன்னீங்க. அன்னிக்கு சாயங்காலமே நீங்க அங்க மடி நெறைய பறிச்சிக்கிட்டுப் போனதப் பாத்தேன். அடுத்தவங்க பறிக்கக் கூடாதுன்னா இந்த ஊர்ல இப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சிட்டேன்க்கா."