கனவில் அடித்த புயல்

தீவின் நிர்வாக அதிகாரி வேலைக்கு வந்த சந்திரபோஸை, கனவு இயந்திரத்தில் தூங்கவைத்துச் சோதித்தார்கள். கனவில் அவர்தான் அதிகாரி. புயல் அடித்தது. ஒரு கர்ப்பிணியைத் தள்ளிவிட்டு, கடைசிப் படகில் தாவி ஏறித் தப்பித்தார்.

விழித்தபோது எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அந்தக் கனவைத் திரையில் பார்த்திருந்தார்கள்.

அவருக்குக் காது மடல் சுட்டது. "வெறும் கனவுதானேம்மா," என்றார், ஊர்த்தலைவி ஜெசிந்தாவிடம்.

"அது எங்களுக்குத் தெரியும் சார். படகுல தாவுறப்ப உங்களுக்கு அது தெரியாதே!"

தலைகுனிந்தபடி படகுத்துறைக்கு நடந்தார். அங்கே மருத்துவமனைக்குப் போக நின்றிருந்த நிறைமாதப் பெண் ஒருத்தி, அவரைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கினாள்.

"நீங்க முதல்ல ஏறிக்கிடுங்க சார்," என்றாள், இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு.