பொந்துக்குள் நான்கு மாதம்

இருவாச்சிப் பறவைக்கு இரண்டு வாய் உண்டு என்று காட்டில் பலர் நம்புகிறார்கள். இது மிகவும் கவலைக்குரிய பிழை. வாய் ஒன்றுதான், மேலே இருப்பது வெறும் கொம்பு. விதை விதைக்கும் வேலைக்கான நேர்காணலில் பெண் இருவாச்சிக்கு அந்த ஒரு வாயும் உலர்ந்துபோயிற்று.

"மாசியிலேருந்து வைகாசி வரைக்கும் எந்த வேலையும் காணோமே, என்னம்மா செஞ்சே?" என்றது ஆள் எடுக்கும் மலையணில்.

மேற்படிப்பு என்று சொல்லிவிடும்படி தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்குப் பொய் வரவில்லை.

"மரப்பொந்து வாசலைச் சின்னத் துவாரம் மட்டும் விட்டு அடைச்சுக்கிட்டு உள்ளேயே இருந்தேன் ஐயா, குஞ்சு வளர்க்க. இறகெல்லாம் உதிர்ந்துபோச்சு. அவர்தான் பழம் கொண்டுவந்து ஊட்டினார்."

"அதாவது, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே."

"ஆமாம் ஐயா. கொட்டையை மட்டும் துவாரம் வழியா வெளியே துப்பினேன்."

அணில் எழுதுவதை நிறுத்தியது. "எந்த மரம்?"

இருவரும் போனார்கள். லேசில் தரையிறங்காத அணில் அன்று இறங்கியது. மரத்தைச் சுற்றிச் சாண் உயரக் கன்றுகள், கால் வைக்க இடமில்லாமல் நின்றன. அது வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றின் நடுவே மெல்ல நடந்து பார்த்தது.

மறுநாள் நியமன உத்தரவு வந்தது. வேலையில் சேர்ந்த நாள், மாசி முதல் தேதி என்று எழுதியிருந்தது.