ஈடித் மூச்சு வாங்குற இடம்

லயோனல்னு ஒரு இங்கிலீஷ்காரரு, பாட்டுக்கு மெட்டு போடறவரு. அதையெல்லாம் பாடுறது அவரோட அக்கா ஈடித்துதான். நெஞ்சுல நோவு வந்து அந்தம்மாவுக்கு ஒரு வரிய முழுசா பாட மூச்சு பத்தல. இனிமே பாடாதேன்னுட்டாரு டாக்டரு. லயோனல் என்ன பண்ணாரு தெரியுமா, ஒரு கவிதைய கையில குடுத்து, "சும்மா வாசிக்கா"ன்னாரு.

"பாதியில மூச்சு வாங்கும்டா."

"வாங்கட்டும். எங்கெங்க வாங்குதுன்னுதான் எனக்குத் தெரியணும்."

அக்கா நிறுத்தின எடத்துலயெல்லாம் மெட்டையும் நிறுத்தி வச்சாரு. மேடையில அந்தம்மா பாடுச்சு பாருங்க, நோவு இருக்குறதே யாருக்கும் தெரியல. ஆனா கடைசி வார்த்தைக்கு முன்னாடி மூச்சு தீந்துபோச்சு. அந்த எடத்துல மெட்டுல நிறுத்தமே வைக்கல. லயோனல் பியானோலேர்ந்து கைய எடுத்துட்டு அக்காவையே பாத்தாரு. அவ்வளவு கூட்டத்துல ஒருத்தர்கூட மூச்சு விடல, தங்க மூச்சையெல்லாம் அந்தம்மாவுக்கே குடுத்துட்ட மாதிரி. அப்புறம் ஈடித் வாயத் தொறந்து அந்தக் கடைசி வார்த்தையப் பாடுச்சு.