விசிலுக்குப் பிறகு

கடைசி விசில் வைத்திக்குப்பம் கோல்கீப்பர் அம்மாவாசைக்கு நன்றாகவே கேட்டுவிட்டது. மூன்றாம் டிவிஷன் லீக்கில் இந்த ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று அவன் அணிக்குத்தான். எல்லாரும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். ஆலை அணியின் மண்ணாங்கட்டி மட்டும் பந்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓடி வருகிறார். சாயங்கால வெயில் அவர் முதுகில் விழ, நீண்ட நிழல் அவரை முந்திக்கொண்டு கோல் கம்பத்தைத் தொடுகிறது. இத்தனை வருஷத் தறி இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. ஆலைக்காரர்களுக்காக விசிலோடு வெள்ளைக் கைக்குட்டையையும் ஆட்டிக் காட்டுவது இந்த லீக்கில் வழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த ரெஃப்ரியின் கை சட்டைப்பைக்குள் போகிறது, போன இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாளை முதல் ஆலைக்கு அணி கிடையாது என்பது மைதானத்துக்கே தெரியும். கோட்டுக்கு வெளியே ஆலைக்காரர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக, மண்ணாங்கட்டியின் கண்ணில் படட்டும் என்று துண்டைச் சுழற்றுகிறார்கள். கோல் விட்டுவிடலாம்தான். ஆனால் விட்டுக்கொடுத்தால் அந்த மனிதருக்குத் தெரிந்துபோகும். அம்மாவாசை முழு உடம்போடும் பாய்கிறான். முழங்கை தேய, பந்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. மண்ணாங்கட்டி சிரித்தபடி அவனைத் தூக்கி நிறுத்துகிறார்.

"நல்லா புடிச்சடா தம்பி! இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார்.

அம்மாவாசை ரெஃப்ரியைப் பார்க்கிறான். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"நெறைய இருக்குண்ணே!"

இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டிவிட்டு, பந்தை நடு மைதானத்துக்கு உதைக்கிறான். நின்றிருந்தவர்கள் எல்லாரும் மறுபடி ஓடத் தொடங்குகிறார்கள்.